ஆரல்வாய்மொழியில் ஆடிய கேரவன்: புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தேன்: பிக்கப்பின் பின்னால் கேரவன் டிரெய்லரை இழுத்து வரும்போது, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டியதும் அது பாம்பு மாதிரி நெளிகிறது, காற்றா, டயரா என்று. பலரும் காற்று என்றீர்கள். பாதி சரி.

எடை மேடைக்குக் கொண்டுபோனேன். டிரெய்லரைக் கழற்றி மொத்தமாக ஏற்றினால் 1,840 கிலோ. வண்டியில் மாட்டி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நின்றால் 1,730. அதாவது வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கியில் இறங்கியது வெறும் 110 கிலோ, மொத்த எடையில் 6 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். மேடையில் இருந்த அண்ணன் பின்னால் தட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, தண்ணிய எங்க வச்சிருக்க?" என்றார். பின்பக்கத் தொட்டியில் 200 லிட்டர்! பின்பாரம் கூடினால் வால் ஆட்டத்தான் செய்யும். ஊர் வந்து சேர்ந்தபின் நிரப்பியிருக்கலாம், எனக்குத்தான் புத்தி போகவில்லை.

தண்ணீரை இறக்கி, பேட்டரியை முன்னால் மாற்றினேன். இப்போது மொத்தம் 1,640, கொக்கியில் 205. டயர் காற்றையும் ஆறின நிலையில் சரிபார்த்தேன். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டினேன்.

நேற்று அதே ஆரல்வாய்மொழிக் கணவாயில் 60க்கு மேல் போகவில்லை. பக்கத்தில் ஒரு பஸ் முந்திப் போனபோது ஒரு சின்ன உதறல். முன்பு பயந்து பிரேக்கை மிதித்தேன், அதுதான் தப்பு. இந்தத் தடவை ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தேன். தோவாளை வரும்முன் அடங்கிவிட்டது.

டிரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் தனி பிரேக் கன்ட்ரோலர் இன்னும் வாங்கவில்லை. அதுவரை ஆடிக்காற்றில் இழுப்பதாக இல்லை.