அம்மா கேட்ட கிறிஸ்துமஸ் கேள்வி

போன செப்டம்பரில் அம்மா பாஸ்டன் வந்திருந்தபோது பிளிமத்துக்குக் கூட்டிப்போனேன். 1620-களில் அங்கே இருந்த ஆங்கிலேயக் குடியிருப்பை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். கூரை வீடுகள், மண் தரை, கண்ணைக் கரிக்கும் அடுப்புப் புகை. உள்ளே வேடமிட்டு இருப்பவர்கள் அந்தக் காலத்து மனிதர்களாகவே பேசுவார்கள்.

ஒரு வீட்டில் ஒரு பெண்மணி மக்காச்சோளக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே மாவு இடிக்கத் தொடங்கிவிடும் வீடு. "பண்டிகைக்கு என்ன பலகாரம் செய்வாங்கன்னு கேளேன்" என்றார். கேட்டேன். கிண்டுவதை நிறுத்தாமலே அந்தப் பெண்மணி சொன்னார்: "அன்றைக்கு என்ன விசேஷம்? வேலைக்குப் போவோம். அந்தத் தேதி வேதத்தில் எங்கே இருக்கிறது?"

நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

ஆனால் அந்தப் பெண்மணி சொன்னது நிஜம். 1621 கிறிஸ்துமஸ் அன்று ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார். புதிதாகக் கப்பலில் வந்தவர்கள், "இன்றைக்கு வேலை செய்ய எங்கள் மனசாட்சி இடம் தராது" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டார். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் தெருவில் பந்து விளையாட்டு! சாமான்களைப் பிடுங்கிக்கொண்டு, "மற்றவர்கள் உழைக்கும்போது நீங்கள் விளையாடுவதற்கு என் மனசாட்சி இடம் தராது" என்றாராம். பக்தி என்றால் வீட்டுக்குள் இருங்கள், தெருவில் கூத்து வேண்டாம் என்பது அவர் கட்சி. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். எனக்கென்னவோ எழுதும்போது அவர் கொஞ்சம் சிரித்திருப்பார் என்றே தோன்றுகிறது.

பிளிமத்துக்காரர்கள் இங்கிலாந்து திருச்சபையை விட்டே பிரிந்து வந்தவர்கள். பாஸ்டனில் குடியேறிய பியூரிட்டன்கள் வேறு கூட்டம், திருச்சபைக்குள் இருந்தே அதைத் தூய்மைப்படுத்த நினைத்தவர்கள்; ஆனால் இந்த விஷயத்தில் இன்னும் கறார். 1659-இல் சட்டமே போட்டார்கள்: கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-இல்தான் அதை நீக்கினார்கள்.

அதே 1681-இல் எழுந்த பழைய ஆலயம் ஒன்று பாஸ்டன் பக்கத்து ஹிங்கமில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்த கப்பல் மாதிரி உத்தரங்கள். ஓவியக் கண்ணாடி கிடையாது. அந்தக் காலத்து ஆலயங்களில் கணப்பும் கிடையாது, பிரசங்கமோ மணிக்கணக்கில். 1686 ஜனவரிக் குளிரில் நற்கருணை அப்பம் உறைந்து, பிட்டுப் போட்டபோது தட்டில் கடகடவென்று சத்தம் கேட்டதாக பாஸ்டன்காரர் சாமுவேல் சூவல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பாஸ்டனுக்கு வடக்கே உள்ள சேலத்தில், சூனியம் வைத்தார்கள் என்று பலரைத் தூக்கிலிட்ட வழக்குகளில் நீதிபதியாக உட்கார்ந்து, 1697-இல் சபை நடுவே எழுந்து நின்று பழியை ஏற்றுக்கொண்டாரே, அவரேதான்.

காரில் வரும்போது, சனிக்கிழமை சூரியன் சாய்ந்ததுமே அந்தப் பியூரிட்டன்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்றேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு?"

"முதல் நாளே ஆக்கி வச்சிருவாங்க."

அம்மா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். "மீன் குழம்புன்னா மறுநாள்தான் ருசி" என்றார்.