ஒரே மைக்கில் காஸ்பல் புளூகிராஸ் ரெக்கார்டிங்: பாஞ்சோ மட்டும் கேட்குது, என் குரலைக் காணோம்

பாளை_பேஸ்:
வணக்கம். டென்னசி ஜான்சன் சிட்டில இருக்கேன். இங்க ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபைல நாலு பேர் சேர்ந்து காஸ்பல் புளூகிராஸ், அதாவது அமெரிக்க நாட்டுப்புற புளூகிராஸ் பாணியில கிறிஸ்தவப் பாட்டு, வாசிக்கிறோம். மாண்டலின், பாஞ்சோ, நின்னுக்கிட்டு வாசிக்கிற பெரிய பேஸ், கிட்டார் நான். ட்ரம்ஸ் கிடையாது. மூணு பேர் பாடுறோம், எனக்கு பாரிடோன், அதாவது லீடுக்கு (முக்கிய மெட்டுக்கு) கீழ வர்ற குரல்.

பழைய பாணியில ஒரே கண்டென்சர் மைக்கைச் சுத்தி நின்னு ஆறு பாட்டு ரெக்கார்ட் பண்ண ஆசை. சபை ஹால்ல போன சனிக்கிழமை முயற்சி பண்ணினோம். பாஞ்சோ தகரத்துல ஆலங்கட்டி விழுற மாதிரி கேட்குது. குரல் எல்லாம் கிணத்துக்குள்ள. என் குரல் சுத்தமா இல்ல. ஞாயிறு ஆராதனைல அதே மைக்கை ஸ்பீக்கர்ல போட்டா ஊளையிடுது. யாராவது வழி சொல்லுங்க.

ஒலிப்பெட்டி:
ஆளுக்கொரு மைக் வாங்குங்க ப்ரோ. நாலு டிராக்கா எடுத்து அப்புறமா மிக்ஸ் பண்ணிக்கலாம்.

மாண்டலின்_மாமா:
அவசரப்பட்டு காசை இறைக்காதீங்க தம்பி. ஒரே ரூம்ல நாலு மைக் வெச்சா பாஞ்சோ நாலுலயும்தான் விழும், பிரிச்சு எடுக்க முடியாது. முதல்ல இதைச் சொல்லுங்க: மைக்ல சின்ன சுவிட்ச் இருக்கா, அது எதுல இருக்கு? யார் எவ்வளவு தூரத்துல நின்னீங்க?

பாளை_பேஸ்:
சுவிட்ச் இருக்கு, வட்டம் போட்ட குறில. எல்லாரும் சமமா இருக்கட்டும்னு வட்டமா, சுமார் 5 அடி தள்ளி நின்னோம்.

மாண்டலின்_மாமா:
அங்கதான் கோளாறு. வட்டம்னா எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல கேட்கும்னு அர்த்தம். சுவர், கூரை, ஸ்பீக்கர் எல்லாத்தையும் அள்ளிட்டு வரும். இதய வடிவக் குறிக்கு மாத்துங்க. முன்பக்கம் நல்லா கேட்கும், முதுகுப்பக்கம் ரொம்பக் குறையும். எல்லாரும் முன்பக்கமா அரைவட்டத்துல நில்லுங்க. ஆராதனைல ஸ்பீக்கரை மைக்கோட முதுகுப்பக்கம் தள்ளி, சபையைப் பார்த்து வைங்க. மேடை மானிட்டரை (பாடுறவங்களைப் பார்த்து இருக்கிற ஸ்பீக்கரை) அணைச்சிடுங்க. ஒருத்தரை ஒருத்தர் நேராக் கேட்டுத்தான் பாடணும், வேற வழியில்ல.

சமமா நின்னா சத்தம் சமமா வராது. தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபெல் குறையும். அதுதான் உங்க மிக்சர். பாடுறவங்க ஒன்றரை அடி, பாஞ்சோ நாலஞ்சு அடி பின்னாடி. தனி வாசிப்பு வரும்போது அவர் முன்னாடி வரட்டும், மத்தவங்க விலகணும். இதை நடனப் பயிற்சி மாதிரி பண்ணிப் பாருங்க. முதல் நாள் கட்டாயம் தோள் இடிக்கும்.

காஸ்பல் பாட்டுக்கு பாஞ்சோ வேணுமான்னும் யோசிங்க. 1945 கடைசியில பாஞ்சோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்தப்புறம், புளூகிராஸோட தந்தைன்னு சொல்ற பில் மன்றோ குழுவோட அடையாளமே பாஞ்சோன்னு ஆச்சு. ஆனா மன்றோ குழு நாலு குரலாப் பாடின காஸ்பல் பாட்டு பலதுல அது இருக்காது. அப்புறம் அதே குழுல பாடின லெஸ்டர் ஃப்ளாட்டோட சேர்ந்து தனியாப் போன ஸ்க்ரக்ஸும் காஸ்பல்னா பல தடவை பாஞ்சோவை வெச்சிட்டு கிட்டாரை எடுத்து விரல்ல மீட்டுவார். சொல்லு தெளிவாக் கேட்கணும்ல.

கொயர்_அக்கா:
தம்பி, நீங்க ஊர்ல கொயர்ல பேஸ் பாடினவரா? பேரைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது. லீடு ஜி மேஜர்ல "பி"ல நிக்கும்போது நீங்க எங்க நிக்கிறீங்க?

பாளை_பேஸ்:
ஆமாக்கா, பாளையங்கோட்டைல. "ஜி"லதான் நிக்கிறேன்… இப்ப பாடிப் பார்த்தேன். ஒரு ஸ்தாயி கீழ நிக்கிறேன் போல.

கொயர்_அக்கா:
நினைச்சேன். நம்ம கொயர்ல டெனர் மெட்டுக்குக் கீழ. புளூகிராஸ்ல டெனர் லீடுக்கு மேல ஏறிடும், அந்த இடத்துல "டி". பாரிடோன் லீடுக்கு ஒட்டிக் கீழ இருக்கிற "ஜி". நீங்க அதுக்கும் கீழ போனா கிட்டாரும் பெரிய பேஸும் முழுங்கிடும், எந்த மைக் வாங்கினாலும் வராது. லீடு பாடுறவர் தோளை ஒட்டி நின்னு பாடுங்க.

பாளை_பேஸ்:
நேத்து மறுபடி எடுத்தோம். சுவிட்சை மாத்தினதுமே கிணறு போச்சு. என் குரல் கேட்குது, கொஞ்சம் அதிகமாவே. பாஞ்சோக்காரர் ரெண்டு பாட்டுக்கு கிட்டார் எடுக்கச் சம்மதிச்சிட்டார், முகம் மட்டும் சரியில்ல. பாட்டெல்லாம் பழசுதான், அப்படியே வெளியிடலாம்ல?

ஒலிப்பெட்டி:
ஒவ்வொண்ணா பாருங்க. "அமேசிங் கிரேஸ்" வரிகள் 1779ல அச்சானது, பிரச்சினை இல்ல. "ஐ'ல் ஃப்ளை அவே" நாட்டுப்பாட்டுன்னு பலரும் நினைக்கிறாங்க. அது ஆல்பர்ட் பிரம்லி எழுதி 1932ல வெளியானது, அதுக்கு லைசென்ஸ் எடுக்கணும்.

பாளை_பேஸ்:
நல்லவேளை, அது ரெண்டாவது பாட்டு. இன்னும் ஒண்ணு: அமைதியான இடத்துல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல்.

மாண்டலின்_மாமா:
ஹால் சமையலறை ஃபிரிட்ஜா இருக்கும். ரெக்கார்டிங் முடியிற வரைக்கும் பிளக்கைப் பிடுங்கிடுங்க. உங்க கார் சாவியை அதுக்குள்ள வெச்சிடுங்க. மறுபடி பிளக் போடாம வீட்டுக்குப் போகவே முடியாது.