சேர்மனையோ மேயரையோ நேர்ல பார்த்து மனு குடுத்திருக்கீங்களா? என்ன கேட்டீங்க, என்ன கிடைச்சுது?

ஏத்தங்காய் சிப்ஸ்:

நாகர்கோவில் மாநகராட்சி ஆனது 2019-ல. 2022 பிப்ரவரியில தேர்தல் நடந்து, மார்ச் 4-ந்தேதி 52 வார்டு கவுன்சிலர்களும் ஓட்டுப் போட்டு முதல் மேயரைத் தேர்ந்தெடுத்தாங்க. அன்னையிலேர்ந்து எங்க சாயாக்கடை பெஞ்சுல இதே பேச்சுதான். ஏர்போர்ட் வரும், ஐடி பார்க் வரும், நம்ம பிள்ளைகள் இனி சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம். கேக்க நல்லாத்தான் இருக்கு.

கருத்து எல்லார்கிட்டயும் உண்டு, அது வேண்டாம். மேயர், சேர்மன், கவுன்சிலர், பில் கலெக்டர் யாரையாவது நேர்ல போய்ப் பார்த்திருந்தா அந்தக் கதையை எழுதுங்க. ஊர் பேரும் ஆள் பேரும் போடாதீங்க. கட்சிப் பேச்சு வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

முதல்ல என் கதை. பல வருஷம் முந்தி. நம்ம மாவட்டத்துல ஒரு சின்ன நகராட்சி, அங்கதான் என் சிப்ஸ் கடை. வியாபாரிகள் சங்கத்துல பதினோரு கோரிக்கை எழுதி, டைப் அடிச்சு, சீல் வச்சு, சேர்மன் வீட்டுக்கு அஞ்சு பேர் போனோம். மனுஷன் திண்ணையில உட்கார்ந்து சக்கை, அதான் பலாப்பழம், வெட்டிக்கிட்டிருந்தாரு. கை ரெண்டும் தேங்காயெண்ணெயும் சக்கைப் பாலும். மனுவைத் தொட முடியல. பேத்தியைக் கூப்பிட்டு, "மக்களே, பேனா எடுத்துட்டு வா. மாமா வாசிப்பாரு, நான் சொல்லும்போ கோடு போடு"ன்னாரு.

நான் வாசிச்சேன். விமான நிலையம். "டெல்லி. கோடு." நாலுவழிச் சாலை. "அதுவும் டெல்லி." ஐடி பார்க். "சென்னை." ரப்பர் தொழிற்சாலை. "சென்னை." கூடுதல் ரயில். "திருவனந்தபுரம் டிவிஷன் ஓய், மதுரைகூட கிடையாது." பஸ்சுக்குப் போக்குவரத்துக் கழகம், கரண்டுக்கு மின்வாரியம், டிராஃபிக் போலீசுக்கு எஸ்.பி. அந்தப் பிள்ளை நல்லா அழுத்தி அழுத்திக் கோடு போடுது, எங்க சங்கத்து சீல் மேலயும் ஒரு கோடு விழுந்துட்டு.

எட்டு போச்சு. மிச்சம் மூணு: சந்தை முன்னால ஓடைக்கு ஸ்லாப், சந்தைக்குள்ள லைட்டு, தலைச்சுமையா கொண்டு வாறவங்ககிட்ட சந்தை வசூலை ஏலம் எடுத்தவர் வாங்குற காசுக்கு ரசீது. சேர்மன் ஒரு சக்கைச் சுளையை எடுத்து என் கையில தந்துட்டுக் கேட்டாரு: "நான் செய்யக்கூடியது இந்த மூணுதான். இதைக் கொண்டு ஏண்டே கடைசியில போட்டிருக்கிய?"

எங்க அஞ்சு பேர்கிட்டயும் பதில் இல்ல.

ஸ்லாப் ஆடி மாசக் கடைசியில வந்துது. அதுவரை கடைக்கு முன்னால மூணடி ஓடை, ஒரு பலகை போட்டிருந்தோம். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வாற பொம்பளை ஆளுக பலகையைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போயிருவாங்க. ஆவணியில ஓணம். வழக்கமா ஒரு நாளைக்கு நாலு குலை பொரிக்கிற நான் அந்த வாரம் ஏழு குலை பொரிச்சேன். ஸ்லாப்பாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், அந்த வருஷம் குலை விலையும் கொறவு. ரசீது மட்டும் இன்னும் வரல.

பூக்காரி மகள்:

எங்க அம்மா பூ யாவாரம். விடியறதுக்கு முன்னாலயே தோவாளையில பூ எடுத்துட்டு ஒரு ஊர்ச் சந்தைக்கு வந்து உட்காருவா. அந்தச் சந்தையில கழிப்பிடம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, திறப்பு விழா நடத்தி, கல்வெட்டும் வச்சிருக்கு. திறக்கது காலையில எட்டு மணிக்கு. சந்தையே எட்டரைக்கு முடிஞ்சிரும்.

அம்மா ராத்திரி பத்து மணிக்குப் பொறவு தண்ணி குடிக்க மாட்டா. சந்தைக்கு வாற எந்தப் பொம்பளையும் குடிக்க மாட்டா. டாக்டர்கிட்ட போனப்போ, சிறுநீர்த் தொற்று, நிறையத் தண்ணி குடிங்கம்மான்னாரு. அவ என்னைப் பார்த்துச் சிரிக்கா.

2022 நவம்பர் 1-ந்தேதி தமிழ்நாடு முழுக்க முதல்முதலா பகுதி சபை, கிராம சபை மாதிரி டவுன்ல வார்டு மக்கள் கூட்டம், வச்சாங்கல்லா, எங்க வார்டுலயும் நடந்துது. நமக்கு அது நேசமணி சிலைக்கு மாலை போடுற நாள், குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த இணைப்பு நாள். ஒரு மணி நேரமா ஆம்பிளைங்க எல்லாம் ஒரு தெருவுக்கு யார் பேர் வைக்கணும்னு பேசுனாங்க. நான் எந்திரிச்சு கழிப்பிடத்துச் சாவியைப் பத்திக் கேட்டதும் பின்னால யாரோ சிரிச்சான். கவுன்சிலர் ஒரு அக்கா. நோட்டுல எழுதிக்கிட்டாங்க. சில இடத்துல ஜெயிச்சது மனைவி, நாற்காலியில உட்காருறது வீட்டுக்காரரா இருப்பாரு. எங்க அக்கா தானே வருவாங்க.

ரெண்டு மாசம் ஒண்ணும் நடக்கல. மூணாவது மாசம் ஒரு நாள் விடியக்காலம் நாலரைக்கு சந்தைக்கே வந்து நின்னாங்க. சாவி யார்கிட்டன்னு கேட்டா குத்தகைக்காரர்கிட்ட. அவருக்குப் போன் போட்டா எடுக்கல. அக்கா போகல, அவர் வாறது வரைக்கும் அம்மா பக்கத்துல சாக்குல உட்கார்ந்து பிச்சி தொடுத்தாங்களாம். கட்டத் தெரியாம கட்டுனாங்கன்னு அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பா. மறுநாள்லேர்ந்து சாவி சாயாக்கடைக்காரர்கிட்ட, அவர் மூணரைக்கே கடை திறப்பாரு. இதுக்கு டெண்டர் விடல, தீர்மானம் போடல, ஒரு ரூவா செலவில்ல. அம்மா இப்போ நாலு மணிக்கு ஒரு சாயாவும் ஆறு மணிக்கு ஒரு சாயாவும் குடிக்கா.

ஷார்ஜா ரிட்டர்ன்:

பதினோரு வருஷம் அங்க இருந்துட்டு வந்து ஊர்ல சின்னதா ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் போட்டேன். பதினாலு பேர். எல்லாம் நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைங்க. திருவனந்தபுரத்துல டெக்னோபார்க் 1990-லயே வந்துட்டு, இங்கேர்ந்து அறுபது எழுபது கிலோமீட்டர்தான், பாதிப் பிள்ளைங்க அங்க போயிடும். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சமாகும்னு சிலர் ஊர்ல நிக்காங்க. எனக்கு அதுதான் மூலதனம்.

ஒரு நாள் காலையில வந்து பார்த்தா ஆபீஸ் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கு. பாதாளச் சாக்கடை. வேண்டியதுதான், நான் எதிர்க்கல. எப்போ மூடுவீங்கன்னு கேட்டேன். "வேலை முடிஞ்சதும்." வேலை எப்போ முடியும்? "மூடினதும்." சத்தியமா இந்த வரிசையிலதான் பதில் வந்துது. அதுக்குள்ள மழை. தெக்குல ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, நமக்கு ரெண்டு பருவமும் உண்டுல்லா. எங்க டெஸ்டிங் பிள்ளை ஒருத்தி ஸ்கூட்டியோட குழியில விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சுது. அவளுக்கு ஆறு வாரம் டைப் அடிக்க முடியல.

கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். "கம்பெனி நடத்துறீங்க, என்ன சலுகை வேணும்?"னு கேட்டாரு. சலுகை வேண்டாம் சார், எங்க எப்போ தோண்டுவீங்கன்னு ஒரு தாள்ல எழுதி தெரு முனையில ஒட்டுங்க, நான் பிள்ளைங்களை வீட்டுலேர்ந்து வேலை செய்யச் சொல்லிருவேன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இந்த ஆள் ஏன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுட்டு வந்திருக்கான்னு நினைச்சிருப்பாரு.

வெட்டிப்பேச்சு:

நான் ஒரு தடவை தெருவிளக்கு எரியலன்னு சொல்லப் போனேன். எழுதிக் குடுங்கன்னாங்க. எழுதிக் குடுத்தேன். மறுநாள் வந்து பகல்லயும் எரியுற மாதிரி சரி பண்ணிட்டாங்க.

ரிட்டயர்டு கணக்கு:

ஷார்ஜா தம்பிக்கு ஒரு வார்த்தை. முப்பது வருடத்துக்கு மேல் உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம்.

உங்கள் ஆபீசால் நகராட்சிக்கு நேராக வருவது என்ன? ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. வருமான வரி டெல்லிக்கு. நகராட்சிக்குக் கட்டடத்தின் சொத்துவரி, பிறகு தொழில் வரி. தொழில் வரி ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவே சொல்கிறது. 1988-இல் வைத்த உச்சவரம்பு. அன்றைக்கு ஒரு சாயா என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? பதினாலு பேரும் முழுசாகக் கட்டினாலும் 35,000 ரூபாய். உங்கள் ஆபீஸ் பெண் விழுந்த குழியை மூடவே அது போதாது. "வளர்ச்சி வந்தால் ஊருக்கு வருமானம்" என்று மேடையில் சொல்வார்கள். ஊரில் உள்ளவர்களுக்கு வருமானம் வரும், சரி. ஊர் அலுவலகத்துக்கு வருவது குறைவு. சேர்மன்கள் கம்பெனிக்காரரைவிடக் கட்டடக்காரரை மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மத்திய நிதிக்குழு மானியம் இருக்கிறதே என்பீர்கள். 15-ஆவது நிதிக்குழு நம்மைப் போன்ற ஊர்களுக்குக் கொடுத்ததில் நூற்றுக்கு 60 குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். மீதியில்தான் சேர்மன் கை நீட்டலாம்.

ஆக, மிஞ்சுவது சொத்துவரி. 2022-இல் உயர்த்தினார்களே, சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கும் 100. திட்டாத வாய் இல்லை. அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 2008-இல் என்பதை யாரும் சொல்லவில்லை. பதினாலு வருடம் தள்ளிப்போட்டு ஒரே நாளில் ஏற்றினால் வலிக்கத்தான் செய்யும். வருடா வருடம் கொஞ்சம் ஏற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பதினாலு வருடத்தில் அந்தத் தைரியம் எந்தக் கட்சிக்கும் இருக்கவில்லை. (சிப்ஸ் அண்ணாச்சி, இது கட்சிப் பேச்சு அல்ல.)

நான் கவுண்டரில் பார்த்ததை எழுதுகிறேன். அரையாண்டு தொடங்கி ஒரு மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு. ஏப்ரல் முதல் வாரமே ஒரு பாட்டி வருவார். சுருக்குப் பையில் நோட்டை நாலாக மடித்து வைத்திருப்பார். ரசீதை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்து, தன் பெயரின் மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். அதே தெருவில் மூன்று மாடிக் கடைக்காரர் வரமாட்டார், அவருடைய வக்கீல் வருவார். ஒரு மேயர் என்னிடம் முதலில் என்ன செய்யலாம் என்று கேட்டால், வரி பாக்கி வைத்திருக்கும் முதல் ஐம்பது கட்டடத்தின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டுங்கள் என்பேன். பணியில் இருந்தபோது ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். "சார் ரொம்ப நாளா லீவே போடலையே" என்றார்கள்.

கடப்புறத்தான்:

எல்லாரும் டவுனுக்குள்ள இருந்தே பேசுகிய. எங்களுக்கும் சேர்மன் ஒருத்தர் வந்தாரு, ஒரு தடவை. குப்பை லாரிக்குப் பின்னால.

2011 கணக்கெடுப்புல நம்ம மாவட்டத்துல நூத்துக்கு 82 பேரு நகர்ப்புறம். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல. இங்க வெத்து நிலம்னு ஒண்ணு எங்க இருக்கு? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல வீடு, விளை, கொளம். டவுன் குப்பையை எங்க கொண்டு போட்டாலும் அது ஒருத்தன் அடுக்களைக்குப் பின்னாலதான் இருக்கும்.

எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு பொறம்போக்குல தட்ட ஒரு ராத்திரி லாரி வந்துது. பொம்பளைங்க லாரி முன்னால உட்கார்ந்துட்டாங்க. விடியும்போ சேர்மன் வந்தாரு. நல்ல மனுஷன்தான், செருப்பைக் கழத்திப் போட்டுட்டு மண்ணுல உட்கார்ந்தாரு. "நான் எங்க கொண்டு போட, நீங்களே ஒரு எடம் சொல்லுங்க"ன்னு கேட்டாரு. எங்க பெரியம்மை ஒருத்தி பதிலுக்குக் கேட்டா: "உங்க வீட்டுல மீன் செதிலும் குடலும் எங்க போடுகிய?" அவருக்குத் தெரியல. "நாங்க தென்னைமூட்டுல குழி தோண்டித் தாத்துருவோம். உங்க டவுன்ல தென்னை இல்லியா?"

இப்போ வார்டுக்கு வார்டு உரக்கூடம்னு வச்சிருக்கது எல்லாம் பெரியம்மை சொன்னதுதான். அன்னைக்கு அவர் ஒண்ணும் பேசாம லாரியைத் திருப்பிட்டாரு.

ஜெயிச்சுட்டோம்னு அன்னைக்கு ஊர்ல பாயசம் வச்சோம். லாரி வேற ஒரு ஊருக்குப் போச்சு, அங்க ஆளுக வந்து உட்காரல. அதை நான் பொறவுதான் கேள்விப்பட்டேன். மேயர் ஊரை வளர்க்காருன்னு சொல்லும்போ எனக்கு அந்த வேற ஊரு ஞாபகம்தான் வரும்.

ஷார்ஜா ரிட்டர்ன்:

கடப்புறத்து அண்ணா, இதுக்கு என்ன சொல்லன்னு தெரியல. எங்க ஆபீஸ்ல பதினாலு பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் ஒரே பக்கெட்டுலதான் போடுறோம். நாளையிலேர்ந்து ரெண்டா வைக்கச் சொல்லுறேன்.

பூக்காரி மகள்:

கணக்கு சார், எங்க அம்மாவும் ஏப்ரல்லதான் கட்டுவா. ரசீதை பூக்கூடைக்கு அடியில பிளாஸ்டிக் கவர்ல வச்சிருக்கா. நீங்க சொன்ன பாட்டி அவளா இருக்குமோன்னு வாசிச்சுக் காட்டுனேன். "எனக்கென்ன அம்புட்டு வயசா"ன்னு கோவம்.

ஏத்தங்காய் சிப்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உட்கார்ந்து சங்கத்துக்குப் புது மனு எழுதினேன். இந்தத் தடவை மூணே மூணு. ஒண்ணு, பழைய ரசீது விஷயம். ரெண்டு, தோண்டுற தேதியைத் தெரு முனையில ஒட்டணும். மூணு, சந்தைக் குப்பையைச் சந்தைக்குள்ளேயே உரமாக்கணும், வேற யார் ஊருக்கும் லாரி போகக் கூடாது. கணக்கு சார் சொன்ன பாக்கிப் பட்டியலையும் சேர்க்கலாம்னு நினைச்சேன். சங்கத் தலைவர் வாசிச்சுட்டு, "அது வேண்டாம்டே"ன்னாரு. அவருக்கு மூணு மாடி.

ஏர்போர்ட்டை மட்டும் தூக்க விடமாட்டேன்னு ரெண்டு பேர் ஒத்தைக் கால்ல நிக்காங்க. கடைசியில நாலாவதா எழுதியிருக்கேன், பென்சில்ல.

பகுதி சபை நவம்பர் 1-ந்தேதி, காலையில பதினோரு மணிக்கு. எங்க வார்டுக்காரங்க யாராவது இதை வாசிச்சா குடை கொண்டு வாங்க. ஹால்ல மூணாவது வரிசைக்கு மேல ஒழுகுது.