அம்மாவின் பல்லில் நான்கு பாதரச அடைப்புகள்: எடுப்பதா, விடுவதா?

பொருநைக்கரை:

அம்மாவுக்கு 63 வயது. கீழ்க் கடைவாயில் மூன்று, மேலே ஒன்று என்று நான்கு பற்களில் சாம்பல் நிற அடைப்பு இருக்கிறது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு பாளையங்கோட்டையில் அடைத்தது. இதுவரை ஒரு நாள் வலித்ததில்லை. முறுக்கைக்கூட அந்தப் பக்கம் வைத்துத்தான் கடிப்பார். போன மாதம் பல் சுத்தம் செய்யப் போன இடத்தில், "இதெல்லாம் பாதரசம் அம்மா, விஷம். நான்கையும் எடுத்துவிட்டு வெள்ளையில் அடைத்துவிடுவோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இருபதாயிரத்துக்கு மேல் ஆகுமாம். பணம்கூடப் பரவாயில்லை. அம்மாவுக்கு ஆறு மாதமாக லேசான கை நடுக்கம் உண்டு. அதுவும் இதனால்தானோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துவிட்டது. ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துக்கொண்டே இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி:

எடுத்துவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம். வெள்ளி அடைப்பு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் எடையில் பாதி பாதரசம். மீதியில்தான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு எல்லாம். நார்வே 2008இலேயே தடை செய்துவிட்டது, சுவீடன் 2009இல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணத்தால் கட்டாயம் வேண்டும் என்று மருத்துவர் கருதினால் ஒழிய யாருக்கும் வைக்கக் கூடாது. தெர்மாமீட்டர் உடைந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு ஓடுகிறோம். அதே பொருள் அம்மாவின் வாயில் இருந்தால் மட்டும் ஆகாரமா?

வேப்பங்குச்சி:

நான் பல் மருத்துவர், அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். மேலே சொன்ன தடைகள் உண்மை. ஆனால் அவை எல்லாம் புதிதாக வைப்பதற்கான தடை. நன்றாக இருக்கும் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கும்படி எந்த நாடும் சொல்லவில்லை. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவப் பொருட்களையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2020இல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், நரம்பு நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் ஆகியோருக்கு இதை வைக்காமல் தவிர்க்கச் சொன்னது. பழுதில்லாத அடைப்பைத் தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்றும் அதனுடன் சேர்த்தே சொன்னது. கெட்டிப்பட்டுப்போன கலவையிலிருந்து வரும் ஆவி மிகக் கொஞ்சம். அதை ட்ரில் வைத்துக் குடையும்போதுதான் சூடேறி ஆவியும் தூளும் ஒரேயடியாகக் கிளம்பும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

கை நடுக்கத்துக்கு முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், தம்பி. தைராய்டாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். பல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மையான காரணத்தைத் தவறவிடுவீர்களோ என்பதுதான் எனக்குக் கவலை. அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் சிறுநீரில் பாதரச அளவைப் பரிசோதிக்கலாம்.

ஆலமரத்தடி:

"மிகக் கொஞ்சம்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், டாக்டர். பல் அடைப்புகளால் ஒருவர் உடலில் சேரும் பாதரசம் நாளொன்றுக்கு 3 முதல் 17 மைக்ரோகிராம் வரை இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 1991இல் கணக்கிட்டது. மூச்சோடு போகும் ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். மென்று தின்றால் கூடும், சூடாகக் காப்பி குடித்தால் கூடும், தூக்கத்தில் பல்லைக் கடித்தால் இன்னும் கூடும். இருபத்தைந்து வருடக் காப்பியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேப்பங்குச்சி:

அப்படிக் கூட்டிக்கொண்டே போக முடியாது. உள்ளே போவது சிறுநீர் வழியாக வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. உடலில் சேர்ந்ததில் பாதி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் போய்விடும். இந்தக் கேள்விக்காகவே இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 534 குழந்தைகள், லிஸ்பனில் 507 குழந்தைகள். ஒரு பாதிக்கு அமால்கம், அதாவது இந்தப் பாதரச அடைப்பு, மறு பாதிக்கு வெள்ளை அடைப்பு. முதல் ஆய்வு ஐந்து ஆண்டு, இரண்டாவது ஏழு ஆண்டு. அமால்கம் வைத்த பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் அறிவுத்திறன், நினைவாற்றல், நரம்புச் செயல்பாடு எதிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆலமரத்தடி:

ஏழு வருடம் பார்த்தது இருபத்தைந்து வருடத்துக்குச் சாட்சி ஆகாது. மூளைக்குள் போனது சிறுநீரில் போவதைப் போல அவ்வளவு சீக்கிரம் போகாது என்பதும் உங்களுக்குத் தெரியும். இதைச் சொன்னால் உடனே "ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியாகப் போய் மக்களை நோயாக்கியது மீத்தைல் பாதரசம், அது வேறு" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், வேறுதான். ஆனால் 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் தொழிலாளர்கள் சுவாசித்தது எந்தப் பாதரசம்? பல்லுக்குள் வைக்கும் இதே பாதரசத்தின் ஆவிதான்.

வேப்பங்குச்சி:

ஒரே பொருள்தான், அளவுதான் வேறு. ஆலைக்குள் நாள் முழுக்கத் திறந்த பாதரசத்தோடு நின்றவர்களையும், கடைவாயில் உளுந்தளவு கெட்டிக் கலவை உள்ளவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அந்தத் தொழிலாளர்களுக்கே நியாயம் இல்லை.

கூழாங்கல்:

நம் சித்தர்கள் பாதரசத்தைக் கட்டி ரசமணி செய்து உடம்பில் அணிந்தார்கள். கட்டிய ரசம் கெடுதல் செய்யாது. பல் அடைப்பும் அப்படித்தானே?

ஆலமரத்தடி:

அண்ணா, இது கட்டிய ரசம் இல்லை. கட்டியிருந்தால் ஆவி அளக்கும் கருவியில் காட்டாது. இந்த ஒன்றில் டாக்டரும் என் பக்கம்தான் இருப்பார்.

செங்காந்தள்:

இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் ஒரு பல் மருத்துவமனையில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தேன். நீங்கள் எல்லோரும் வாய்க்குள் இருக்கும் பாதரசத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைக் கலந்தவள் நான்.

கண்ணாடிக் கல்வத்தில் உலோகத் தூளைக் கொட்டி, பாட்டிலிலிருந்து பாதரசம் சொட்டு விட்டு, குழவியால் அரைக்க வேண்டும். பளபளவென்று வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். அதைக் காஸ் துணியில் கட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிழிவேன். கூடுதல் பாதரசம் துணியின் இழைகள் வழியே குட்டிக் குட்டி மணிகளாக வெளியே வரும். கையுறை சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. மணிகளில் சில தரையில் விழும், ஓடிப்போய் மேசைக்கு அடியில் டைல்ஸ் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் விளக்குமாற்றால் பெருக்குவேன். ஏ.சி. அறை, ஜன்னல் திறக்க மாட்டார்கள். அதே மேசையில் மதியச் சாப்பாடு. என் முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோதும் நான்தான் பிழிந்தேன். அது ஆபத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் சிறுநீரை யாரும் பரிசோதிக்கவில்லை.

குழந்தை நன்றாக இருக்கிறாள். அதனால் யாரையும் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

வேப்பங்குச்சி:

சகோதரி, படித்ததும் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. கல்லூரியில் நானும் வெறுங்கையால்தான் பிழிந்தேன். பெருவிரலில் பட்டதைக் கோட்டில் துடைத்துக்கொள்வோம். நோயாளிக்கு ஆபத்தில்லை என்று நான் சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று கலந்தவர்களைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. இப்போது மூடிய காப்ஸ்யூலில் அளந்து வைத்து வருகிறது, இயந்திரம் குலுக்கிக் கொடுக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், பல் மருத்துவர்கள் பாதரசத்தைத் தனியாக வாங்கிக் கலப்பதை நிறுத்த வேண்டும் என்று 2022இல் முடிவு செய்தன. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும், மருத்துவர் அவசியம் என்று கருதினால் ஒழிய, வைக்கக் கூடாது என்பதும் அந்த முடிவில் உண்டு. இந்தியா 2018 முதல் அதில் உறுப்பு நாடு. 2034க்குள் முழுவதுமாக நிறுத்துவது என்று 2025 நவம்பரில் ஜெனிவாவில் ஒத்துக்கொண்டார்கள்.

ஆலமரத்தடி:

நிறுத்தத்தான் போகிறார்கள் என்றால் இத்தனை நாள் எதற்காகக் காப்பாற்றிப் பேசினீர்கள்?

வேப்பங்குச்சி:

என் நோயாளிகள் யார் என்று பாருங்கள். கடைவாய்ப் பல் பாதி போன பிறகு வருகிறார்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. வெள்ளை அடைப்புக்குப் பல் எச்சில் படாமல் காய்ந்திருக்க வேண்டும், நேரம் கூடுதலாக வேண்டும். நான் சொன்ன அந்த இரண்டு ஆய்வுகளிலும் கடைவாயில் வெள்ளை அடைப்பு தோற்றுப்போனது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். மறுபடியும் அடைக்க அவர்கள் வருவதில்லை. அடுத்து வரும்போது பல்லைப் பிடுங்கத்தான் வருகிறார்கள். நல்ல மாற்றுப் பொருளும் அதை வைக்கும் நேரமும் எனக்குக் கொடுங்கள், அமால்கத்தை இன்றைக்கே விட்டுவிடுகிறேன். குழந்தைகளுக்கு ஏற்கெனவே கிளாஸ் அயனோமர் என்ற பாதரசம் இல்லாத அடைப்பைத்தான் வைக்கிறேன்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு கூடுதலாக இருக்கிறது, மருந்து தொடங்கியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் மூன்று அடைப்புகள் நன்றாக இருக்கின்றன. மேல் கடைவாயில் உள்ளது மட்டும் ஓரத்தில் விரிந்து, அடியில் சொத்தை ஓடியிருக்கிறது. அதை எடுத்தே ஆக வேண்டும்.

வேப்பங்குச்சி:

அந்த ஒன்றை எடுக்கட்டும். வாயில் ரப்பர் விரிப்புப் போட்டு, தண்ணீர் பீய்ச்சி, நல்ல உறிஞ்சு குழாய் வைத்து, தூளாக அரைக்காமல் துண்டு துண்டாகப் பெயர்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

செங்காந்தள்:

பெயர்த்த துண்டுகளை எங்கே போடுவார்கள் என்றும் கேளுங்கள், தம்பி. மூடி போட்ட புட்டி ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

பொருநைக்கரை:

கேட்டேன், அக்கா. கால் அருகே இருந்த குப்பைக் கூடையைக் காட்டினார்கள். பக்கத்தில் ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், வெறுங்கையோடு. அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்தில் புட்டி வைத்திருக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.