'கொரண்டம்' என்ற சொல் பற்றி ஒரு உதவி

வணக்கம். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறேன். நீலக்கல்லோ சிவப்புக்கல்லோ, ஆய்வுகூடச் சான்றிதழில் கனிமத்தின் பெயர் 'கொரண்டம்' என்றுதான் இருக்கும். இரண்டும் அலுமினியம் ஒக்சைட்தான். குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 9. அடுத்த படி வைரம்.

கொரண்டம் (corundum) என்ற இந்த ஆங்கிலச் சொல் நம்முடைய 'குருந்தம்' என்பதிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. அதற்கும் பின்னால் மாணிக்கத்தைக் குறிக்கும் சமஸ்கிருத 'குருவிந்தம்' இருக்கிறதாம். ஆனால் எங்கள் கடையில் ஒருவர் வாயிலும் குருந்தம் என்று வருவதில்லை. எனக்கு அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பேருவளைப் பக்கம் கல் வியாபாரம் செய்யும் பெரியவர்கள், பட்டை தீட்டுபவர்கள் யாராவது இந்தச் சொல்லை இன்னும் பாவிக்கிறார்களா? பாவித்தால், சாணைக்கல்லுக்கா, நகைக்கல்லுக்கா? அப்புறம், குருந்த மரத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? பழைய நூல்களில் 'குருவிந்தம்' வரும் இடம் தெரிந்தால் அந்த வரியோடு போடுங்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கல் பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன், இதையும் சரியாக எழுத வேண்டும்.