மறு: 'ரெலிகேஷன்' என்பதற்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

சுவீடனின் பிரூனெஸ் ஐஸ் ஹாக்கிக் கழகத்தின் வரலாற்றை எழுதிவரும் நண்பர், 2023இல் அக்கழகம் முதல் பிரிவு லீக்கிலிருந்து அடுத்த கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டதை, அதாவது 'ரெலிகேஷன்' ஆனதைத் 'தரவிறக்கம்' எனலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கணினிக் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்குவதற்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. 'தரவு' என்று பிரிப்பதா 'தரம்' என்று பிரிப்பதா என வாசகர் தடுமாறுவார். 'பதவியிறக்கம்' தனி மனிதருக்கு உரியது.

என் பரிந்துரை 'படியிறக்கம்'; அதற்கு இணையாகப் 'படியேற்றம்'. லீக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டவை என்பதைப் 'படி' காட்டிவிடுகிறது. 'பிரிவிறக்கம்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன்; 'பிரிவு' என்றதும் பிரிந்துபோதலே முதலில் நினைவுக்கு வருவதால் விட்டுவிட்டேன்.

இந்தக் கழகத்தின் வரலாற்றுக்கு இச்சொல் இன்றியமையாதது. யெவ்லெ நகரின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் 1912இல் தோன்றிய பிரூனெஸ், 1964 முதல் 1980 வரை மட்டும் பத்து முறை சுவீடன் வாகையர் பட்டம் வென்றது. 1993, 1999, 2012 ஆகிய ஆண்டுகளையும் சேர்த்தால் பதின்மூன்று. 1971, 1972 பட்டங்களை வென்ற அணியில் ஆடிய பொர்யே சால்மிங், 1973இல் டொராண்டோ சென்று வட அமெரிக்காவில் ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்கு வழி திறந்தவர். 1960 முதல் இடையறாது முதல் பிரிவில் நின்ற அத்தகைய கழகம், 2023 வசந்தத்தில் மால்மோவிடம் தோற்றுப் படியிறக்கப்பட்டது. சால்மிங் மறைந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பதை நினைக்கையில் இன்றும் மனம் கனக்கிறது. இதைப் பொத்தாம்பொதுவாக 'வெளியேற்றம்' என்று எழுதினால், நாக் அவுட் சுற்றில் தோற்ற அணிக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமற்போகும்.

இன்னொன்றையும் பிரித்தே ஆகவேண்டும். படியிறக்கம் என்பது முடிவு; அம்முடிவுக்கு இட்டுச்செல்லும் ஆட்டங்களுக்குத் தனிப் பெயர் தேவை. 2008இல் பிரூனெஸ் 'குவால்சேரியன்' என்ற தொடரில் ஆட நேர்ந்தது. முதல் பிரிவின் கடைசி இரண்டு அணிகளும் கீழ்ப் பிரிவிலிருந்து வந்த நான்கு அணிகளும் தமக்குள் இருமுறை மோத, முதலிரண்டு இடம் பெற்றவையே அடுத்த பருவத்தில் மேலே இருந்தன. பிரூனெஸ் அதில் தப்பியது. ஆகவே அத்தொடருக்குள் போனதையே படியிறக்கம் என்று எழுதினால் பிழை. அதைத் 'தகுதித் தொடர்' எனலாம். 2023இல் நடந்ததோ வேறு முறை: அட்டவணையின் கடைசி இரு அணிகள் நேருக்கு நேர் மோதின, நான்கு ஆட்டங்களை முதலில் வென்ற அணி மேலே தங்கியது. இதற்குத் 'தக்கவைப்புத் தொடர்' பொருந்தும்.

கட்டுரையில் வைத்துப் பாருங்கள்: "தக்கவைப்புத் தொடரில் தோற்றுப் படியிறக்கம் கண்ட பிரூனெஸ், 2024இல் இரண்டாம் பிரிவின் இறுதித் தொடரில் யூர்கோர்டனை வென்று படியேற்றம் பெற்றது, 2025இல் முதல் பிரிவின் இறுதித் தொடர்வரை சென்று லூலியோவிடம் தோற்றது." எனக்கு இது தடையின்றி ஓடுகிறது. செயப்பாட்டு வினையாக எழுதும்போது மட்டும் 'படியிறக்கப்பட்டது' என்றே எழுதுங்கள். 'படியிறங்கியது' என்றால் கழகம் தானே விரும்பி இறங்கியதுபோல் ஆகிவிடும்.

மாற்றுக் கருத்துள்ளோர் இவ்வாக்கியத்திலேயே தம் சொல்லைப் பொருத்தி அனுப்பக் கோருகிறேன்.