கொக்குவில் பெரியவீடு குறூப்: பலெர்மோ கலியாணம்

குகன் சித்தப்பா (பலெர்மோ): கலியாணம் ஆகஸ்ட் 13. அடுத்த ரெண்டு நாளும் எங்க போறதெண்டு இண்டைக்குச் சொன்னாத்தான் வான் பிடிக்கலாம். 15 இஞ்ச ஃபெரகோஸ்தோ, கோடை விடுமுறைப் பெருநாள், முழுச் சனமும் கடற்கரையிலதான் கிடக்கும்

சுகந்தி (லண்டன்): தவோர்மினா!!! பிள்ளையள் இன்ஸ்டாவில பாத்திட்டு ஒரே கரைச்சல்

குகன் சித்தப்பா: அது சிசிலித் தீவின்ர மற்றக் கரை பிள்ளை, போகவே மூண்டு மணித்தியாலம். செஃபலு எண்டா ரயிலில ஒரு மணித்தியாலம்தான். 1131ல ரெண்டாம் ரொஜர் எண்ட நோர்மன் ராசா கட்டத் துவங்கின கோயில், உள்ளுக்க பொன் மொசைக்கில பெரிய யேசு, கையில விரிச்ச புத்தகம், ஒரு பக்கம் கிரேக்கம் மற்றப் பக்கம் லத்தீன், அப்பிடியே ஒழுங்கையால இறங்கி வந்தா பழைய காலத்தில உடுப்புத் தோய்ச்ச கல்லுத் தொட்டியள், சிங்கத்தின்ர வாயால தண்ணி கொட்டும், அதுக்குக் கிட்டவே மணல் கடற்கரை, ஆழமில்லை, சின்னனுகள் நிண்டு விளையாடலாம். மேல 270 மீற்றர் மலையும் இருக்கு, ஏறுறாக்கள் வெயிலுக்கு முன்னம் ஏறவேணும்

நிரோஷன் (டொராண்டோ): சித்தப்பா சோதினை எப்ப 😂

தர்சி (பாரிஸ்): ஒர்டீஜியா கேட்டனான் ஒருத்தரும் கவனிக்கேல்ல

குகன் சித்தப்பா: ஒர்டீஜியா சிராகூசாவின்ர பழைய ஊர்ப் பக்கம், அதுவும் தூரம்தான். ஆனா வடிவு. கிமு 5ம் நூற்றாண்டு அத்தேனா கோயில், தூணுக்கு இடையில சுவர் வைச்சு மாதா கோயிலாக்கினவை, தூணைக் கையால தொட்டுப் பாக்கலாம். கடலுக்குப் பக்கத்திலயே நல்ல தண்ணி ஊத்து, பப்பிரஸ் புல்லு நிக்குது

வசந்தி மாமி (கொக்குவில்): எங்கட கீரிமலை மாதிரி

வசந்தி மாமி: விசா தந்திருந்தா நானும் பாத்திருப்பன்

தர்சி: 😔 மாமி

குகன் சித்தப்பா: கார் ஒர்டீஜியாவுக்குள்ள நினைச்ச நேரம் விடேலாது. கமெரா. ஃபைன் வீடு தேடி வரும்

சுகந்தி: போனமுறை வந்த ஃபைனை ஆர் கட்டினதெண்டு எல்லாருக்கும் தெரியும்

ஜெகன் அத்தான் (லண்டன்): பாதி நான் தந்தனான்

சுகந்தி: தரேல்ல

பெரியம்மா: கலியாண குறூப்பில காசுக் கதை வேண்டாம். எனக்கு கடலும் வேண்டாம் மொசைக்கும் வேண்டாம் ரொசாலியா அம்மாட்ட ஏறவேணும், இந்தப் பெட்டைக்கு நல்ல இடத்தில அமையவேணுமெண்டு நேர்ந்தது

நிரோஷன்: பெரியம்மா நாங்கள் சைவம் எல்லோ

பெரியம்மா: அம்மாவுக்கென்ன சைவம் வேதம்

குகன் சித்தப்பா: இஞ்ச எங்கட சைவச் சனம் நிறைய ஏறுது. 1624 கொள்ளை நோயில பலெர்மோவைக் காப்பாத்தின புனிதை, மலையில குகைக்குள்ளதான் கோயில். முழங்கால் ஏலாட்டி பஸ்ஸும் போகுது அக்கா

பெரியம்மா: நடந்துதான்

சுகந்தி: அப்ப கடல்??? மலைக்கு மற்றப் பக்கம்தானே மொண்டெல்லோ

குகன் சித்தப்பா: 15ம் திகதி மொண்டெல்லோவோ? விசரே. முதல்நாள் இரவே வந்து கூடாரமடிச்சுக் கிடப்பாங்கள், துவாய் விரிக்க இடமிராது. 14 விடிய முதல் ரயிலில செஃபலு, 15 காலமை மலை. ஓமோ?

நிரோஷன்: 👍

ஜெகன் அத்தான்: வான் எடுங்கோ நான் ஓட்டுறன்

சுகந்தி: வேண்டாம்

குகன் சித்தப்பா: ரயிலுக்கு எத்தினை பேர்?

தர்சி: அப்ப ஒர்டீஜியா இல்லையோ

குகன் சித்தப்பா: 11ம் திகதியே வாறாக்கள் இருந்தா நான் கூட்டிக்கொண்டு போறன்

தர்சி: 11 எனக்கு வேலை. கேட்டுப் பாக்கிறன்

சுகந்தி: பிளவுஸ் அளவு அனுப்பச் சொல்லி ஒரு கிழமை. ஒருத்தரும் அனுப்பேல்ல

பெரியம்மா: என்ன நிறமெண்டு சொன்னனீ?